காவிக்கு அடியில் ஒரு வட்டம்

நவம்பர் மாதம் ஒரு சாயங்காலம் என் மகள் பொன்னி பனித்தரையில் கல்லைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். பிறகு எழுந்திருக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஷூவைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய அணிப் பெண்கள் இரண்டு பேர் வந்து கைத்தாங்கலாகத் தூக்கியபோதுதான் மாப்பைக் கீழே வைத்தேன்.

"ஒண்ணும் இல்லப்பா, ஸ்டிஃப்பா இருக்கு, அவ்ளோதான்" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது முழங்கால் வலதைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. தொட்டால் சூடு. வலி அதிகம் இல்லை என்றாள். அத்தனை வீக்கத்துக்கு அந்த வலி போதாது என்பது பின்னால் ஒரு டாக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்றைக்கு வலி இல்லை என்றதும் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

இந்த நாட்டில் பிள்ளைக்கு ஒரு மூட்டு காரணமில்லாமல் வீங்கி, யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். சில இடங்கள் எனக்கு இன்றும் புரியவில்லை. அவற்றைப் புரிந்ததுபோல எழுத மாட்டேன்.

பொன்னியின் விளையாட்டுக்குப் பெயர் கர்லிங். கைப்பிடி வைத்த கனமான கருங்கல்லைப் பனித்தரையில் சறுக்கி விடுவார்கள். எதிர்க்கோடியில் பனிக்கு அடியில் வட்டத்துக்குள் வட்டமாக வண்ணம் பூசியிருக்கும். அதை ‘ஹவுஸ்’ என்பார்கள். கல் அந்த வட்டத்தின் நடுவில் போய் நிற்க வேண்டும். கல் போகும்போது இரண்டு பேர் அதற்கு முன்னால் ஓடி ஓடி, துடைப்பம் மாதிரி நீளக் கட்டை வைத்த பிரஷால் தரையைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும்.

நியூ ஜெர்சிக்கு என் மச்சான் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டபோது பொன்னிக்குப் பதினொரு வயது. பகலில் எனக்குக் கிடங்கில் வேலை, சாயங்காலம் கர்லிங் கிளப்பில் துப்புரவு வேலை. பள்ளி விட்டு வந்து என்னோடு கிளப்பில் காத்திருப்பாள். உட்கார்ந்தே இருக்கும் குழந்தையைப் பார்த்து யாரோ ஒரு பிரஷைக் கையில் கொடுத்தார்கள். பதினேழு வயதில் அவள் எங்கள் பகுதியின் ஜூனியர் அணியில் இருந்தாள். மறு வருஷம் தேசியப் போட்டிக்கு வட மாநிலம் ஒன்றுக்குப் போய் நான்காவதாக வந்தார்கள்.

பொங்கல் விழாக்களில் நம் ஆட்கள் என்னைக் கேலி செய்வார்கள். "என்னண்ணே, நீங்க தொடைக்கிறீங்க, பொண்ணு பெருக்குறாளாம்? ஃபேமிலி பிசினஸா?" நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பொன்னிதான் திருப்பிக் கொடுப்பாள். "அங்கிள், உங்க பையன் வீட்ட ஒரு தடவையாவது பெருக்கியிருக்கானா?"

முழங்கால் வீங்கியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஜூனியர் வயது முடிய இன்னும் இரண்டு சீசன்தான் பாக்கி. அதற்குள் ஒரு தடவை தேசியப் போட்டியில் ஜெயிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

அதற்கு முந்தின ஜூன் மாதத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் யாரும் அப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

கோடையில் பனி கிடையாது. கால் பலத்துக்காகப் பொன்னி மாவட்டப் பூங்காவின் மரங்களுக்கு நடுவே ஓடுவாள். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தாள். இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், சிவப்பாக ஒரு தடிப்பு. நாளுக்கு நாள் அகன்றது. நடுவில் வெளுத்து, ஓரம் வளையமாகச் சிவந்தது. கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, லுக், இட்ஸ் லைக் தி ஹவுஸ்" என்று சிரித்தாள்.

என் மனைவி மரகதம் சிரிக்கவில்லை. "இது அக்கிடீ" என்றாள்.

அக்கி என்றால் எங்கள் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். பானை வனையும் வீட்டுக்காரர்களிடம் போவார்கள். அவர்கள் காவிக்கல்லை உரைத்து, அந்த இடத்தில் சிங்கம் வரைந்து, சுற்றிலும் பூசி விடுவார்கள். அதற்கு அக்கி எழுதுவது என்று பெயர். நியூ ஜெர்சியில் அதற்கு யாரைத் தேடுவது? மரகதம் தேடிவிட்டாள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கு வரப்போகும் கோளாறைச் சரிசெய்ய வந்திருந்த குமரேசன், எங்கள் கட்டடத்திலேயே நான்கு பையன்களோடு தங்கியிருந்தான். அவன் பானை வனையும் குடும்பத்துப் பையன் என்று எப்படியோ தெரிந்துவைத்திருந்தாள்.

குமரேசனுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "ஆன்ட்டி, எங்க பெரியப்பா எழுதிப் பாத்திருக்கேன், அவ்ளோதான். நான் கோபோல் ப்ரோக்ராமர் ஆன்ட்டி, எனக்குக் கம்ப்யூட்டருக்கு எழுதத்தான் தெரியும்."

"ரத்தத்துல இருக்கும்ப்பா. சும்மா எழுது."

கோயிலிலிருந்து காவி வந்தது. அவன் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சிங்கம் வரைந்தான். இடையில் ஒரு தடவை நிறுத்தி, "அக்கின்னா தீயா எரியும்பாங்க. கொப்புளமும் இருக்கும். உனக்கு எரியுதா?" என்று கேட்டான்.

"நோப். ஜஸ்ட் வார்ம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் மரகதத்தைப் பார்த்தேன். "ஆரம்பத்துல எரியாது" என்றாள் மரகதம். பொன்னி கழுத்தைத் திருப்பி, "குமரேசன், தட்ஸ் எ கேட்" என்றாள். சிங்கம் பூனை மாதிரித்தான் இருந்தது. எல்லோரும் சிரித்தோம். வளையம் காவிக்கு அடியில் போய்விட்டது.

சில வாரங்களில் தடிப்பு மறைந்தது. குமரேசனுக்கு மரகதம் வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டாள். "வெளிய யார்கிட்டயும் சொல்லாத, சிரிப்பாங்க" என்று பொன்னியிடம் சொல்லி வைத்தாள்.

நவம்பரில் எலும்பு டாக்டர் முழங்காலைப் பார்த்தார். என்ன விளையாட்டு என்று கேட்டார், சொன்னோம். அதோடு அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. வலது கைக்காரர்கள் கல் விடும்போது உடம்பு முழுவதும் மடங்கிய இடது காலின்மேல் சறுக்கிக்கொண்டு போகும். ஆயிரம் தடவை அப்படிப் போனால் ஜவ்வு (மூட்டுக்குள் மெத்தைபோல இருக்கும் குருத்தெலும்பு) தேயும் என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். தேய்மானம் லேசாகத்தான் இருந்தது. ஊசியால் நீர் எடுத்தார்கள், கலங்கிய மஞ்சள் நிறம். பிறகு ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது.

எனக்கு வேறு எண்ணம் இருந்தது. இத்தனை வருஷம் பனிக்கட்டியின்மேல் முட்டி போட்ட பெண்ணுக்குக் குளிர் எலும்புக்குள் இறங்காமல் என்ன செய்யும்? மரகதம் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். நான் கூச்சத்தை விட்டு, கோச் அம்மாவிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நோ ஐஸ். மை டாட்டர், நோ ஐஸ்" என்று சொல்லிவிட்டேன். பொன்னிக்கு அது தெரிந்ததும் அன்றிலிருந்து காரில் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்தாள்.

"யூ டோன்ட் ஈவன் நோ வாட் இட் இஸ். நீங்க எப்படிப்பா டிசைட் பண்ணலாம்?"

எனக்குத் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் யாருக்குத் தெரிந்திருந்தது?

டிசம்பரில் வீக்கம் போனது, அவள் பனிக்குத் திரும்பினாள். ஜனவரியில் தகுதிப் போட்டிக்கு முந்தின நாள், காலையில் சாதாரணமாக இருந்த முழங்கால் மாலைக்குள் திரும்ப நிறைந்துவிட்டது. விழவில்லை, திருகவில்லை, அன்று அவள் பனிக்கே போகவில்லை. வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு அணி கிளம்பியது. அவர்கள் ஜெயித்துத் தேசியப் போட்டிக்கும் போனார்கள். அந்தச் செய்தி வந்த அன்று பொன்னி போனை வைத்துவிட்டு, "குட் ஃபார் தெம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு சிங்க்கில் கிடந்த பாத்திரங்களை எல்லாம் ஒற்றைக்காலில் நின்று கழுவினாள்.

பனிக்கே போகாத நாளில் வீங்கியதுதான் என்னைக் குழப்பியது. அப்படியானால் குளிர் இல்லையா? கோச் அம்மாதான் மூட்டு நோய்களை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரிடம் போகச் சொன்னார். அவர் வயதான குஜராத்திப் பெண்மணி. முழங்காலைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, கோடையில் எங்கே போவாய், காட்டில் நடப்பாயா, நாய் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"எனி ராஷ் லாஸ்ட் சம்மர்?" என்று கேட்டார்.

"நோ" என்றாள் பொன்னி.

ராஷ் என்றால் தோல் தடிப்பது என்று எனக்குத் தெரியும். கிடங்கில் அட்டைப்பெட்டி தூசி பட்டு எனக்கே அடிக்கடி வரும். டாக்டர் அறையில் பேசுவது என் வழக்கம் இல்லை.

ஆஸ்பத்திரியின் நீண்ட நடைபாதையில், லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கேட்டேன். "இடுப்புல வந்துச்சே, அத ஏன் சொல்லல?"

"அப்பா, அது அக்கி. அது வேற." பொத்தானை அழுத்தினாள். "அம்மாதான சொல்லக்கூடாதுன்னாங்க? காவி, லயன்... ஷி வில் திங்க் வீ ஆர் வியர்ட்."

லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது. அவள் ஏறவில்லை.

"அப்பா," என்றாள், "இட் லுக்ட் லைக் தி ஹவுஸ்."

எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஊன்றுகோலோடு அவள் திரும்பி நடப்பதற்குள் நான் முன்னால் போய் டாக்டரின் கதவைத் தட்டிவிட்டேன். தட்டிய பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டேன். அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டேன். என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். பின்னால் வந்த பொன்னி மீதியைச் சொன்னாள், பூனையைப் போல இருந்த சிங்கம் உட்பட.

டாக்டர் சிரிக்கவில்லை. சூரத்தில் தன் அத்தையும் இப்படி ஏதோ பூசுவார் என்றார். ரத்தப் பரிசோதனை எப்படியும் சொல்லியிருக்கும், ஆனால் வந்து சொன்னது நல்லது என்றார். எங்கள் மனம் நோகாமல் இருக்கச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று தெரியாது.

முடிவு வந்தது. லைம் நோய் (மான் உண்ணி கடிக்கும்போது உடம்புக்குள் போகும் கிருமியால் வருவது). கசகசா அளவே உள்ள உண்ணி. மாட்டின் காதில் உண்ணி பிடுங்கி வளர்ந்தவன் நான். இவ்வளவு சுத்தமான ஊரில், ஓடும் பெண்ணின் இடுப்பில் அது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வளையம்தான் அதன் முதல் அடையாளமாம். பூசினாலும் பூசாவிட்டாலும் அது தானாக மறைந்துவிடுமாம். கிருமி மட்டும் உள்ளே தங்கி, மாதங்கள் கழித்து மூட்டுக்கு வருமாம். ஜூனிலேயே மாத்திரை கொடுத்திருந்தால் பெரும்பாலும் அதோடு போயிருக்கும் என்றார் டாக்டர்.

மரகதம் அன்று சமைக்கவில்லை, அதன்பிறகும் பேருக்குத்தான் சமைத்தாள். "நான் என்ன பண்ணேன் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். நான் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. காவி எதையும் செய்யவில்லை, கெடுதல்கூடச் செய்யவில்லை. அது மேலே இருந்ததால் நாங்கள் பார்க்காமல் இருந்துவிட்டோம். அதற்கு யார்மேல் கோபப்படுவது?

ஒரு மாதம் மாத்திரை. வெயிலில் போகக் கூடாது, பாலோடு விழுங்கக் கூடாது. முழங்கால் பாதி வடிந்து அப்படியே நின்றது. பிறகு கையில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி (அதன் நுனி மார்புக்குள் பெரிய ரத்தக்குழாய் வரை போகும்) வீட்டிலேயே மருந்து ஏற்றினார்கள். நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தாள். சாமி படத்துக்கு அடித்திருந்த ஆணியில் மருந்துப் பையைத் தொங்கவிட்டோம். படம் தற்காலிகமாக டிவி மேலே போனது. அது முடிந்த பிறகும் முழங்கால் முழுவதும் வடியவில்லை.

"இன்னும் கிருமி இருக்கா?" என்று கேட்டேன்.

பொன்னி டாக்டரிடம் கேட்டுச் சொன்னாள். "கிருமி செத்திருக்கலாமாம். பட் பாடி ஃபைட்ட ஸ்டாப் பண்ணலையாம்."

"யார்கூடச் சண்டை?"

"அதாம்ப்பா தெரியல. ஷி டஸன்ட் நோ ஐதர்."

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு மிகக் கஷ்டமாக இருந்த காலம் இதுதான். நோயின் பெயர் தெரிந்தால் பாதி குணம் என்று நினைத்திருந்தோம். பெயரும் தெரிந்தது, மருந்தும் முடிந்தது, கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருந்தது. நல்ல நாள் எது, கெட்ட நாள் எது என்று காலையில் அவள் போர்வையை விலக்கி அமுக்கிப் பார்க்கும்வரை தெரியாது. நான் கதவருகே நின்று அவள் முகத்தைப் பார்ப்பேன். "அப்பா, ஸ்டாப் ஸ்டேரிங்" என்பாள். காலண்டரை நாங்கள் பார்ப்பதே இல்லை. முட்டி வீங்கிய வாரம், வீங்காத வாரம் என்றுதான் பேச்சு.

குமரேசன் அதற்குள் டெக்சாஸில் ரவுண்ட் ராக்குக்கு வேலை மாறிப் போயிருந்தான். விஷயம் கேள்விப்பட்டுப் போன் செய்தான். "என்னாலதான பொன்னி..." என்று ஆரம்பித்தான். பொன்னி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "டோன்ட் பி சில்லி. நீ ஒழுங்கா சிங்கம் வரைஞ்சிருந்தா அது அந்த உண்ணிய சாப்பிட்டிருக்கும். பூனை தூங்கிருச்சு." அந்தப் பக்கம் அவன் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னான். மரகதம் எழுந்து சமையலறைக்குள் போனாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அங்கிருந்து தாளிக்கும் சத்தம் கேட்டது.

கோடை முடிவில் வீக்கம் அநேகமாக இல்லை. ஆனால் முழு எடையையும் தாங்கி இடது கால் மடங்காது. குச்சியால் கல்லைத் தள்ளும் முறை ஒன்று இருக்கிறது, அதை வயதானவர்கள் பயன்படுத்துவார்கள். ஜூனியர் போட்டியில் அது செல்லாது. ஒரே ஒரு சீசன் பாக்கி. ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் பொன்னி சொன்னாள், "நான் லெஃப்ட் ஹேண்டடா மாறப்போறேன்."

இடது கையால் விட்டால் வலது கால்தான் மடங்கும். இடது கால் பின்னால் நீண்டு கிடக்கும். கணக்கு எனக்கும் புரிந்தது.

"பீச்சாங்கையாலயா?" என்றாள் மரகதம்.

"அம்மா, ஐஸுக்கு எந்தக் கைன்னு தெரியாது."

சின்ன வயதிலிருந்து அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தவற்றில் அவள் மறக்காமல் செய்தது ஒன்றுதான். யாருக்கு எதைக் கொடுத்தாலும் வலது கையால் கொடுப்பாள். தவறி இடது கையை நீட்டினால் நான் வாங்காமல் நிற்பேன், அவள் கை மாற்றித் தருவாள். இப்போது அவள் சோற்றைத் தவிர எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றினாள். பல் தேய்ப்பது, எழுதுவது, கதவு திறப்பது எல்லாம். எழுத்து குழந்தை எழுதியதுபோல இருந்தது. கிளப்பில் முதல் மாதம் அவள் விட்ட கற்கள் பாதி வழியில் நின்றன, அல்லது சுவரில் போய் மோதின. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். "நோ ஐஸ்" என்று இன்னொரு தடவை சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஜனவரியில் தகுதிப் போட்டி எங்கள் கிளப்பிலேயே நடந்தது. அணி அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டத்தில் பொன்னி விட்ட கல் ஒன்று மெதுவாக, மிக மெதுவாகப் போனது. விட்ட பிறகு விட்டவரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. பனியில் நீண்டு கிடந்தபடியே அவள் அதைப் பார்த்தாள். தேய்ப்பவர்கள் தேய்த்தார்கள். கல் வட்டத்தின் விளிம்புக்கு வந்து, உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் நின்றது. அளந்து பார்த்தார்கள். வெளியே. கடைசிக் கல்லால் எதிரணி ஜெயித்தது. ஜூனியர் தேசியப் போட்டி அத்தோடு அவளுக்கு முடிந்துவிட்டது.

இந்த விளையாட்டில் ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு ஏதாவது குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும், அது வழக்கம். அந்தப் பெண்கள் பொன்னிக்குச் சூடான கோகோ வாங்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் அவர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு, பாதிக் கோப்பையோடு என்னிடம் வந்தாள். அழுதிருந்தாள்.

"குடிங்கப்பா" என்று நீட்டினாள். இடது கையால்.

நான் வாங்கிக் குடித்தேன். அதிக இனிப்பு.

"அடுத்த வருஷம் விமென்ஸ்ல ட்ரை பண்ணலாம்" என்றாள். "முட்டி ஓகேன்னு சொன்னா."

"முட்டி என்ன சொல்லுதோ பாப்போம்" என்றேன்.

காரில் முன் சீட்டில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். வீடு வந்ததும் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மாடிப்படி ஏறினாள். நான் காரைப் பூட்டிவிட்டுப் பின்னால் ஏறினேன். உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் நினைவு வந்தது. அவள் படியேறியபோது நான் அவள் முழங்காலைப் பார்க்கவே இல்லை. நொண்டினாளா, நன்றாக ஏறினாளா, தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு படியிலும் அதையே பார்த்து வந்தவன் நான். அது குணமானதால் மறந்தேனா, களைப்பால் மறந்தேனா என்று யோசித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.